20 கிலோபிட்டில் முகம் தெரிகிற வீடியோ கால்: ஜெனரேட்டிவ் மாடல் நடைமுறைக்கு ஒத்துவருமா?

நூலேணி

எல்லோருக்கும் வணக்கம். வெப்ஆர்டிசி (நேரலைக் குரலையும் படத்தையும் இணையத்தில் அனுப்பும் தொழில்நுட்பம்) மேல் ஒரு வீடியோ கால் செயலி எழுதிக்கொண்டிருக்கும் சிறு குழு நாங்கள். எங்கள் பயனர்களில் நிறையப் பேருக்கு இணைப்பு மோசம். நல்ல நேரத்தில் வினாடிக்கு 100 கிலோபிட் வரும், கெட்ட நேரத்தில் 40-க்கு இறங்கிவிடும், ஆடியோவுக்கு எடுத்தது போக படத்துக்கு 20 கிலோபிட் மிஞ்சினாலே பெரிய விஷயம். அந்த அளவில் எச்.264 என்ற வழக்கமான வீடியோ கோடெக்கை (வீடியோவைச் சுருக்கும் முறையை) ஓட்டினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, தலையைக் கொஞ்சம் திருப்பினால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. வீடியோவை அணைத்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் இவர்கள் செயலியைத் திறக்கிறார்கள், அதனால் அப்படிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதற்கு ஜெனரேட்டிவ் மாடல், அதாவது படத்தைத் தானே வரையும் மாடல், ஒரு வழி என்கிறார்கள். முதலில் ஒரே ஒரு நல்ல படத்தை அனுப்பிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முகத்தின் சில புள்ளிகள் எங்கே நகர்ந்தன என்பதை மட்டும் அனுப்பினால், எதிர்முனையில் இருக்கும் மாடல் அந்தப் படத்தை அசைத்து முகத்தை வரைந்துகொள்கிறது. 2019-இல் வந்த ஃபர்ஸ்ட் ஆர்டர் மோஷன் மாடலையும், 2020 கடைசியில் என்விடியா ஆட்கள் வெளியிட்ட கட்டுரையையும் படித்தேன். எச்.264-இல் பத்தில் ஒரு பங்கு பேண்ட்வித் போதும் என்கிறார்கள், டெமோவும் அபாரமாக இருக்கிறது. ஆனால் டெமோவில் எல்லோரும் நேராக உட்கார்ந்து, கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

இதைக் கையாண்டவர்கள் யாராவது சொல்லுங்கள். கணக்கு நிஜமாகவே அவ்வளவு குறைகிறதா? சாதாரண போனில் ஓடுமா? எங்கே உடையும்? உடையும்போது பார்ப்பவருக்கு உடைந்தது தெரியுமா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

பிட்டெண்ணி

முதலில் கணக்கைப் பார்ப்போம், இதில் பலரும் ஏமாந்துபோகிற இடம் அதுதான்.

ஃபர்ஸ்ட் ஆர்டர் மாடலில் 10 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இடத்தைச் சொல்ல 2 எண்கள், அந்தப் புள்ளியைச் சுற்றி முகம் எப்படி நெளிகிறது, திரும்புகிறது என்று சொல்ல 4 எண்கள். ஆக ஃபிரேமுக்கு 60 எண்கள். அதை 16 பிட்டில் அப்படியே அனுப்பினால் 120 பைட், வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 28.8 கிலோபிட். உங்களிடம் இருப்பதோ 20. எனவே எதையும் சுருக்காமல் அனுப்பினால் ஏவி1 என்ற புதிய கோடெக்கை ஒழுங்காக ஓட்டுவதைவிட இது பெரிய லாபம் இல்லை. 8 பிட்டுக்கு இறக்கினால் 14.4. முந்தைய ஃபிரேமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்து அரித்மெடிக் கோடிங் (அடிக்கடி வரும் எண்ணுக்குக் குறைந்த பிட் தரும் சுருக்கம்) போட்டால், மனிதர்கள் பேசும்போது பெரும்பாலான புள்ளிகள் பெரும்பாலான நேரம் அசைவதே இல்லை என்பதால், எண்ணுக்குச் சராசரி 2 பிட் என்று வைத்தாலும் 3.6 கிலோபிட்டில் நிற்கும். “சில கிலோபிட்” என்று கட்டுரைகளில் வருவது இந்த இடம்தான், பொய் இல்லை.

ஆனால் அந்த 3.6-ஐ நெட்வொர்க்கில் எப்படி அனுப்புவீர்கள்? ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் முகவரி போன்ற தகவல் கொண்ட ஹெடர்கள் ஒட்டும்: ஐபிவி4 ஹெடர் 20 பைட், யுடிபி 8, ஆர்டிபி 12. பாக்கெட்டுக்கு 40 பைட். ஃபிரேமுக்கு ஒரு பாக்கெட் என்றால் 30 பாக்கெட், ஹெடருக்கு மட்டும் 9.6 கிலோபிட். உள்ளே இருக்கும் சரக்கைவிட உறை இரண்டரை மடங்கு கனம்! ஐபிவி6 ஆனால் ஹெடர் 60 பைட், அதாவது 14.4 கிலோபிட். பாக்கெட்டை யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்யும் எஸ்ஆர்டிபி டேக் 10 பைட் இன்னும் மேலே. இதே வியாதி ஆடியோவிலும் உண்டு: ஓபஸ் என்ற ஆடியோ கோடெக்கை 20 மில்லிசெகண்ட் பாக்கெட்டாக அனுப்பினால் வினாடிக்கு 50 பாக்கெட், ஹெடர் மட்டும் 16 கிலோபிட். உங்கள் 40 கிலோபிட் இணைப்பில் 16 இப்படி வீணாகப் போகிறது என்றால், மாடலைத் தேடுவதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

ஆடியோவை 60 மில்லிசெகண்ட் பாக்கெட்டாக மாற்றுங்கள், ஹெடர் 5.3 கிலோபிட்டுக்கு இறங்கும். முகப்புள்ளிகளுக்குத் தனி பாக்கெட் போடாமல் அதே பாக்கெட்டில் ஒட்டி அனுப்புங்கள். வெப்ஆர்டிசி இதை நேரடியாகச் செய்ய விடாது, கொஞ்சம் கை வைக்க வேண்டியிருக்கும். தாமதம் சற்றுக் கூடும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருக்கட்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை சொல்லும் அளவு, அதற்குள் நிற்கப் பாருங்கள். அப்புறம் வித்தியாசத்தை மட்டும் அனுப்புவதில் ஒரு ஆபத்து, ஒரு பாக்கெட் தொலைந்தால் அடுத்தடுத்த முகமெல்லாம் கோணும். சில ஃபிரேமுக்கு ஒருமுறை முழு எண்களையும் அனுப்பிவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு சாதாரண கோடெக்கில் ஒரு முழு ஃபிரேம் அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, பாக்கெட் இழப்பு அதிகம் உள்ள இணைப்பில் இந்த முறையின் உண்மையான பலமே இதுதான் என்பேன். பிட்ரேட் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

யோசனை புதிதும் இல்லை. லின்ஷோபிங் பல்கலைக்கழகத்தில் 1987-இல் கேண்டிடே என்ற முக்கோணக் கம்பி முகம் செய்தார்கள், வீடியோவை முகத்தின் அசைவாக மட்டும் அனுப்பும் ஆராய்ச்சிக்காகவே. 1999-இல் எம்பெக்-4 தரத்திலேயே முகத்தை அசைக்க 68 அளவுருக்கள் இருந்தன. அன்றைக்கு இல்லாதது எதிர்முனையில் நம்பும்படியான முகத்தை வரையும் ஆள். அந்த இடத்தில்தான் இப்போது ஜெனரேட்டர் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வார்ப்பு

நான் இதுபோல் ஒன்றைக் கட்டி, உண்மையான ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தவன். பிட்டெண்ணி சொன்ன கணக்கு சரி. எங்கே உடையும் என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

மாடல் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். முதலில் அனுப்பிய மூலப்படத்தில் இருக்கும் பிக்சல்களை, புள்ளிகள் நகர்ந்த திசையில் இழுக்கிறது. இழுத்தும் கிடைக்காத இடம் எது என்று ஒரு மறைவு வரைபடம் போடுகிறது, அந்த இடத்தைத் தானாக இட்டு நிரப்புகிறது. இழுத்த பகுதி உங்கள் முகம். நிரப்பிய பகுதி, பயிற்சியின்போது பார்த்த ஆயிரக்கணக்கான முகங்களின் சாயல். இரண்டுக்கும் நடுவில் பார்ப்பவர் கண்ணுக்குக் கோடு எதுவும் தெரியாது.

வாய் மூடிய படத்தை மூலமாக அனுப்பிவிட்டுச் சிரியுங்கள். பல் வரிசை வரும், அழகாகவே வரும், ஆனால் அது உங்கள் பல் இல்லை. முன்பல்லில் இடைவெளி உள்ள ஒருவர் எங்கள் சோதனையில் பேசினார், எதிரே இருந்தவர் அவரை நன்றாகத் தெரிந்தவர், “என்னமோ வித்தியாசமா இருக்கே, உடம்பு சரியில்லையா” என்று கேட்டார். இடைவெளியை மாடல் அடைத்துவிட்டிருந்தது. எது மாறியது என்று அவரால் சொல்ல முடியவில்லை, ஆனால் மாறியிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

கை அதைவிட மோசம். மூக்கைச் சொறிய ஒருவர் கையைத் தூக்கினார். புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் நியூரல் நெட்வொர்க்குக்குக் கை என்றால் என்னவென்று தெரியாது, மூலப்படத்திலும் கை இல்லை. விரல் வாய்க்கு நேரே வந்ததும் உதட்டுப் புள்ளிகள் ஒரு பக்கம் வழுக்கின, கன்னம் கை நிறத்தில் ஒரு குழம்பாக வீங்கியது, கை கீழே போனதும் எல்லாம் பழையபடி. பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் என் கவலை இந்த வகைத் தவறு இல்லை, இது கோளாறு என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். சத்தமில்லாமல் நடக்கும் தவறுதான் கவலை. ஒரு புருவம் மட்டும் லேசாக உயர்வது, கண்ணோரம் ஈரம் கட்டுவது, உதடு நடுங்குவது, முகம் வெளிறுவது, இதெல்லாம் 10 புள்ளிகளில் அடங்காது. டிகோடர், அதாவது எதிர்முனையில் படத்தை வரையும் பகுதி, அமைதியான ஒரு முகத்தை வரைந்து வைக்கும். எச்.264 உடைந்தால் கட்டம் தெரியும், “சரியாத் தெரியல” என்று சொல்வீர்கள். இங்கே எல்லாம் பளிச்சென்று தெரியும், ஆனால் நடக்காத ஒன்று தெரியும். உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் இதுதான்: பல நேரம் தெரியாது.

என்விடியா முறையில் புள்ளிகள் 20, அதுவும் முப்பரிமாணத்தில். ஆளுடைய முக அமைப்பை ஒருமுறை எடுத்துவிட்டு, அப்புறம் தலை திரும்பும் கோணம், இடப்பெயர்ச்சி, பாவனை ஆகியவற்றைத் தனியாகப் பிரித்து அனுப்புகிறார்கள். தலை திரும்பும்போது முகம் நசுங்குவது அதில் வெகுவாகக் குறைவு, ஓரமாக வைத்த கேமராவில் பேசுபவரை நேராகப் பார்ப்பதுபோல் திருப்பவும் முடியும். இருந்தாலும் அடிப்படைச் சிக்கல் அதேதான், அனுப்பாத தகவலை எதிர்முனை இட்டுக்கட்டுகிறது.

போனில் ஓடுமா என்றால் ஓடும். 2020-இல் ஃபேஸ்புக் ஆராய்ச்சிக் குழு ஃபர்ஸ்ட் ஆர்டர் மாடலை அடிப்படையாக வைத்து, நியூரல் நெட்வொர்க்கைச் சுமார் 3 எம்பிக்குச் சுருக்கி, ஐபோன் 8-இல் ஜிபியு இல்லாமல் நேரலையில் ஓட்டிக் காட்டினார்கள். கண்ணுக்கும் உதட்டுக்கும் தனிக் கவனம் கொடுத்து மெருகேற்றினார்கள், அதுதான் சரியான இடமும்கூட. இன்றைய நடுத்தரப் போனுக்கு அது பெரிய பாரம் இல்லை, சூடும் பேட்டரியும்தான் பிரச்சினை. அரைமணி நேரம் பேசி அளந்து பாருங்கள், இரண்டு நிமிட டெமோவில் அது தெரியாது.

சிறுபொறி

இன்னும் ஒரு படி மேலே போய் முகப்புள்ளிகளையும் விட்டுவிட்டால் என்ன? ஆடியோ எப்படியும் போகிறது. குரலைக் கேட்டு உதட்டை அசைக்கும் மாடல்கள் இருக்கின்றனவே, வேவ்2லிப் 2020-லேயே வந்துவிட்டது. படத்துக்கு ஒரு பிட்கூடச் செலவில்லை.

உதடுவாசி

சிறுபொறி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன்.

எனக்குக் காது முக்கால்வாசி கேட்காது. வீடியோ காலில் எனக்கு எதிரில் இருப்பவரின் உதடுதான் பேச்சு, குரல் அதற்குத் துணை. சரியான வெளிச்சத்தில் நேரில் பார்த்தாலும் உதட்டில் எல்லாம் தெரியாது. ‘பாடு’ என்று சொன்னாலும் ‘மாடு’ என்று சொன்னாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும், பேச்சின் போக்கை வைத்துத்தான் பிரித்துக்கொள்வேன். ஆனால் ‘பாடு’க்கும் ‘நாடு’க்கும் வித்தியாசம் உதட்டில் தெளிவாக இருக்கிறது, ஒன்றில் உதடு ஒட்டும், மற்றதில் ஒட்டாது. அந்த ஒட்டல் கண நேரம்தான். நான் பார்த்துவரும் இந்த வகை வீடியோக்களில் பெரும்பாலும் அந்த ஒட்டல் முழுதாக நடப்பதே இல்லை. உதடுகள் நெருங்கும், ஒரு மயிரிழை இடைவெளியில் நின்று பிரியும். கேட்கும் காது உள்ளவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, குரல் நிரப்பிக்கொடுத்துவிடும். எனக்கு அந்தச் சொல்லே மாறிவிடுகிறது.

குரலிலிருந்து உதட்டைச் செய்தால் இன்னும் விபரீதம். மைக்கில் சத்தம் கலந்து குரல் சரியாக விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் உதடு எனக்கு அதிகம் தேவை. அந்த நேரத்தில் மாடல் கலங்கிய குரலைக் கேட்டு, தனக்குப் புரிந்ததை உதட்டில் வரைந்து காட்டும். நான் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க ஒரே வழி அவை இரண்டும் தனித்தனியாக வருவதுதான். ஒன்றிலிருந்து மற்றதைச் செய்துவிட்டால் எனக்கு எஞ்சுவது ஒரே சாட்சி.

சைகை மொழியில் பேசும் என் நண்பர்களுக்கு நிலைமை வேறு. முகத்தை மட்டும் அறிந்த மாடலில் அவர்களின் கை, விரல், தோள் எதுவும் கிடையாது. புருவம் உயர்வதும் கன்னம் உப்புவதும் சைகை மொழியில் இலக்கணம், கேள்வியா சாதாரண வாக்கியமா என்பதே அதில் இருக்கும்.

ஐரோப்பிய அணுகல்தன்மைத் தரமான ஈஎன் 301 549-இல், உதட்டசைவுக்கும் சைகை மொழிக்கும் பயன்படும் வீடியோவுக்கு வினாடிக்குக் குறைந்தது 20 ஃபிரேம், 30 இருந்தால் நல்லது, குரலுக்கும் படத்துக்கும் இடையில் 100 மில்லிசெகண்டுக்கு மேல் விலகக் கூடாது என்று இருக்கிறது. நூலேணி, இந்த எண்களை உங்கள் வடிவமைப்பில் முதல்நாளே எழுதி வையுங்கள். அதோடு, எதிரே இருப்பவர் வரையப்பட்ட முகம் என்பது எனக்குத் தெரியும்படி திரையில் ஒரு அடையாளம் வையுங்கள், அதை அணைத்துவிட்டு மங்கலான உண்மைப் படத்தைக் கேட்கும் பொத்தான் ஒன்றும் வையுங்கள். மங்கலான உண்மை உதட்டை வைத்து என்னால் சமாளிக்க முடியும்.

நூலேணி

உதடுவாசி, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. அடையாளமும் பொத்தானும் கண்டிப்பாக வரும், அதில் பேச்சுக்கே இடமில்லை. குரலிலிருந்து உதட்டைச் செய்யும் யோசனை எங்கள் பட்டியலிலும் இருந்தது, எடுத்துவிட்டேன்.

வார்ப்பு, உங்களிடம் இரண்டு கேள்விகள். தகவலை அனுப்பாமல் இட்டுக்கட்டுவதுதான் சிக்கல் என்றால், கொஞ்சம் உண்மைத் தகவலை அனுப்பிவிட்டு மிச்சத்தை மட்டும் மாடலிடம் விடலாம் அல்லவா, 20 கிலோபிட்டில் அதற்கு இடம் இருக்கிறதா? இன்னொன்று, குழு அழைப்பில் ஆறு பேர் இருந்தால் என் போன் ஐந்து முகங்களை வரைய வேண்டுமா?

வார்ப்பு

முதல் கேள்விக்கு ஆம், இப்போது நான் யாருக்கும் சொல்வது அந்த வழியைத்தான். எம்ஐடி குழு ஒன்று ஜெமினோ என்ற பெயரில் 2024-இல் என்எஸ்டிஐ என்ற நெட்வொர்க் ஆராய்ச்சி மாநாட்டில் வெளியிட்ட வேலையைப் படியுங்கள். புள்ளிகளை மட்டும் அனுப்புவதற்குப் பதிலாக, வீடியோவையே மிகச் சிறிய அளவுக்குக் குறுக்கி, வழக்கமான கோடெக்கிலேயே சுருக்கி அனுப்புகிறார்கள். கூடவே முன்பே அனுப்பிய ஒரு பெரிய தெளிவான மூலப்படம் எதிர்முனையில் இருக்கிறது. சிறிய வீடியோவைப் பெரிதாக்கும்போது தோலின் நுணுக்கம், தலைமுடி, சட்டையின் நெசவு ஆகியவற்றை மட்டும் மூலப்படத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது மாடல். எது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது எப்போதும் உண்மையான வீடியோ. கை குறுக்கே வந்தால் கை தெரியும், கொஞ்சம் மங்கலாக, ஆனால் கையாக. கண்ணுக்கு அதே தரத்தில் தெரிய, வழக்கமான கோடெக்கைவிட 2.2 முதல் 5 மடங்கு குறைந்த பிட்ரேட் போதும் என்று அவர்கள் அளவு சொல்கிறது. பத்து மடங்கு அளவுக்குக் கவர்ச்சி இல்லைதான். நான் எந்த நாளும் இதைத்தான் எடுப்பேன்.

உங்கள் 20 கிலோபிட்டில் 128-க்கு 128 வீடியோவை ஏவி1 அல்லது விபி9-இல் தாராளமாக ஓட்டலாம். இணைப்பு அதற்கும் கீழே விழுந்தால் மட்டும் முகப்புள்ளி முறைக்கு இறங்குங்கள், இறங்கியதை உதடுவாசி கேட்ட அடையாளத்தால் காட்டுங்கள்.

மூலப்படம் அனுப்பும் செலவை மறந்துவிடாதீர்கள். நன்றாகச் சுருக்கிய 8 கிலோபைட் படம் என்றாலும் 64 கிலோபிட், அதாவது 20 கிலோபிட் இணைப்பு முழுவதையும் 3 வினாடிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். அதனால் புதிய மூலப்படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னணியில் அனுப்பி, முழுதாக வந்து சேர்ந்த பிறகு மாற்றுங்கள். பழையதைத் தூக்கி எறியாதீர்கள். நேரே பார்க்கும் முகம், இடம் வலம் திரும்பிய முகம், பல் தெரியச் சிரிக்கும் முகம் என்று நாலைந்து படங்களை இருபுறமும் வைத்துக்கொண்டால், அப்போதைய நிலைக்கு அருகில் உள்ளது எது என்று ஒரு எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். முன்னே சொன்ன பல் இடைவெளி விஷயம் எங்களுக்கு இப்படித்தான் சரியானது.

குழு அழைப்புக்கு, ஆம், ஐந்து முகங்களையும் பெறுபவரின் போன்தான் வரைய வேண்டும். அனுப்புபவருக்குச் சுலபம், பெறுபவருக்குப் பாரம் என்பது இந்த முறையின் இயல்பு. பேசிக்கொண்டிருப்பவரை மட்டும் மாடலால் வரைந்து, மற்றவர்களைச் சிறு கட்டத்தில் குறுகிய வீடியோவாக அப்படியே காட்டுங்கள். சின்னக் கட்டத்தில் 128 பிக்சலே போதும், அங்கே மாடலுக்கு வேலையே இல்லை.

டிஃப்யூஷன் மாடல்கள் (இரைச்சலிலிருந்து படிப்படியாகப் படத்தைத் தேற்றுபவை) பற்றி யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படம் அருமையாக வரும், போனில் நேரலைக்கு வேகம் போதாது. அந்த வழியில் போகாத லைவ்போர்ட்ரெயிட், 2024-இல் வந்தது, ஃபிரேமுக்கு 12.8 மில்லிசெகண்டில் வரைகிறது என்றாலும் அது ஆர்டிஎக்ஸ் 4090 என்ற பெரிய கார்டில்.

பூட்டுச்சாவி

பாதுகாப்புப் பக்கம் யாரும் இன்னும் பேசவில்லை, நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முகப்புள்ளி முறையில் எதிர்முனைக்குப் போவது ஒரு படமும் சில எண்களும். அந்தப் படம் அந்த ஆளுடையதுதான் என்று யார் சொன்னது? என் முகத்தின் அசைவை எடுத்து, இன்னொருவரின் படத்தை மூலமாக அனுப்பினால், உங்கள் சொந்த டிகோடரே எனக்காக அவருடைய முகத்தை வரைந்து கொடுக்கும். ஆள்மாறாட்டத்துக்கு வெளியே மென்பொருள் தேட வேண்டியதில்லை, செயலியே அதைச் செய்துவிடுகிறது. இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. போலி வீடியோவை நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? காது ஓரம் நெளிவதை, பல் ஒழுங்காக இல்லாததை, கண் சிமிட்டல் ஒட்டாததைப் பார்த்து. இந்தச் செயலியில் நேர்மையான அழைப்பு ஒவ்வொன்றிலும் இதே அடையாளங்கள் இருக்கும். பயனர்களின் கண் அதற்குப் பழகிவிட்டால் அப்புறம் எந்த அழைப்பிலும் சந்தேகப்படும் பழக்கமே போய்விடும். ஆகவே மூலப்படத்தை கேலரியிலிருந்து எடுக்க விடாதீர்கள், அழைப்பின்போது கேமராவிலிருந்து மட்டும் எடுங்கள், அழைப்பின் சாவியோடு சேர்த்துக் கையெழுத்திடுங்கள். செயலியையே மாற்றி எழுதும் ஆளை இது தடுக்காது, போகிற போக்கில் விளையாடுபவரைத் தடுக்கும். பணம், மருத்துவம், வழக்கு என்று முகத்தை நம்பி முடிவெடுக்கும் அழைப்புகளில் இந்த முறையை முற்றிலும் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, முனைக்கு முனை என்கிரிப்ஷன். பெறுபவரின் போனுக்குப் பாரம் அதிகம் என்று, முகத்தைச் சர்வரில் வரைந்து அனுப்பலாமே என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். அதற்கு ஒத்துக்கொண்டால் எல்லோருடைய முகத்தையும் சர்வர் பார்க்கும். ஃபிரேம்களை முனைக்கு முனை பூட்டும் எஸ்ஃபிரேம் 2024-இல் ஆர்எஃப்சி 9605 என்ற இணைய ஆவணமாக வந்துவிட்டது, அதைப் பயன்படுத்துங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஃபிரேமுக்கு 16 பைட் டேக் என்று வைத்தால் 30 ஃபிரேமுக்கு அதுவே 3.84 கிலோபிட், பிட்டெண்ணியின் 3.6-ஐவிட அதிகம். சில ஃபிரேம்களைச் சேர்த்து ஒரே பொட்டலமாகப் பூட்டுங்கள்.

பிட்டெண்ணி

பூட்டுச்சாவி சொன்ன டேக் கணக்கு முக்கியம், ஆடியோவோடு ஒட்டி அனுப்பினால் அந்தச் செலவும் பங்கு பிரிந்துவிடும்.

பொதுத் தரநிலை (ஸ்டாண்டர்டு) பற்றி நூலேணி ஆரம்பத்தில் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஐடியுவும் ஐஎஸ்ஓவும் சேர்ந்து நடத்தும், வீடியோ கோடெக் தரநிலைகளை எழுதும் ஜேவெட் குழு, ஜெனரேட்டிவ் முக வீடியோவுக்கென்று ஒரு எஸ்இஐ செய்தி (வீடியோவோடு கூடப் போகும் துணைத் தகவல்) வடிவத்தில் வேலை செய்திருக்கிறது. மூலப்படம் விவிசி போன்ற வழக்கமான கோடெக்கில் போகும், முக அளவுருக்கள் அதோடு துணைச் செய்தியாகப் போகும். புரியாத டிகோடர் துணைச் செய்தியை விட்டுவிட்டு வெறும் படத்தைக் காட்டும். உங்கள் ஃபார்மட்டையும் இந்தப் பாங்கில் வைத்துக்கொண்டால், பழைய போனில் இருப்பவர் அழைப்பிலிருந்து விழ மாட்டார்.

படத்தின் தரத்தை அளப்பதில் பிஎஸ்என்ஆரை (பிக்சல் பிக்சலாக ஒப்பிடும் அளவு) நம்பாதீர்கள். மாடல் வரைந்த முகம் ஒரு பிக்சல் தள்ளி நின்றாலே அது மட்டமான மதிப்பெண் போடும். எல்பிஐபிஎஸ் (பார்வைக்கு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று நியூரல் நெட்வொர்க்கால் மதிப்பிடும் அளவு) அதற்கு நேர்மாறு, பளிச்சென்று இருந்தால் நல்ல மதிப்பெண் தரும், சிரிப்பு உண்மையா என்று அதற்குத் தெரியாது. நான் செய்வது இது: அசல் வீடியோவிலும் வரைந்த வீடியோவிலும் ஒரே முகப்புள்ளி டிடெக்டரை ஓட்டி, மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் உள்ள இடைவெளியை ஃபிரேம் ஃபிரேமாக இரண்டு வரைகோடாகப் போடுவேன். அசலில் கோடு பூஜ்யத்தைத் தொடும் இடமெல்லாம் வரைந்ததிலும் தொடுகிறதா என்று பார்த்தால் போதும், உதடுவாசி சொன்ன ஒட்டல் பிரச்சினை கண்ணெதிரே தெரியும். டிடெக்டர் மட்டும் மாடலுக்குள் இருப்பதாக இருக்கக் கூடாது, வேறொன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தன் தவறைத் தானே சரி என்று சொல்லும்.

இதையே அழைப்பு ஓடும்போதும் பயன்படுத்தலாம். எந்த வீடியோ என்கோடரும் தனக்குள் ஒரு டிகோடரை ஓட்டி, எதிர்முனையில் என்ன தெரியும் என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கும். நீங்களும் அனுப்பும் போனிலேயே ஜெனரேட்டரை வினாடிக்கு ஒன்றிரண்டு முறை ஓட்டி, கேமரா பார்த்ததோடு ஒப்பிடுங்கள். வாயோ கண்ணோ வரம்பைத் தாண்டி விலகினால், முகத்தின் மேல் எதுவோ வந்துவிட்டால், உடனே குறுகிய உண்மை வீடியோவுக்கு மாறுங்கள். இந்த முடிவு அனுப்பும் பக்கத்தில்தான் நடக்க முடியும், உண்மை முகம் அங்கே மட்டும்தான் இருக்கிறது.

நூலேணி

நல்ல வெளிச்சம் கிடைத்தது. எங்கள் ஆடியோ இப்போது 20 மில்லிசெகண்ட் பாக்கெட்டில்தான் போகிறது, இன்றைக்கே அதை 60-க்கு மாற்றிச் சோதனை தொடங்கிவிட்டோம். அடுத்து 128 பிக்சல் வீடியோவும் மூலப்படமும் சேர்ந்த வழி, முகப்புள்ளி முறை அதற்குக் கீழே கடைசி படியாக.

உதடுவாசி, ஓடும் நிலைக்கு ஒன்று வந்ததும் உங்களிடமும் சைகை மொழி பேசும் உங்கள் நண்பர்களிடமும் காட்டலாமா? நீங்கள் சரி என்று சொல்லாமல் முகப்புள்ளி முறையை யாருக்கும் திறந்துவிடுவதில்லை என்று குழுவில் பேசிவிட்டோம்.

உதடுவாசி

தாராளமாக. மீசை உள்ள ஒருவர், வேகமாகப் பேசும் ஒருவர், பேசும்போது தலையைக் குனியும் ஒருவர், இந்த மூன்று பேரையும் பேச வைத்து அனுப்புங்கள். நேரில் பேசும்போதே எனக்குக் கஷ்டம் கொடுப்பவர்கள் அவர்கள். அசல் வீடியோவையும் கூடவே அனுப்புங்கள், எது எது என்று சொல்லாமல்.